தொலையாத பிள்ளைக்கு ஒரு விண்ணப்பம்

விஜயநகர் மூன்றாவது ஸ்டேஜ்,
மைசூரு.
வியாழக்கிழமை

அன்பு மகள் ஜோவிதாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நாலு நாளாக உன் மேல் எனக்கு ஆத்திரம். அதை மறைத்து எழுத வரவில்லை. போனில் பேசவும் வழியில்லை. நீ கூப்பிட்டாலே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சோனியா, தன் மகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை இத்தாலிக்குக் கிளம்புகிறாள். சாம்பார் பொடியோடு இதையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன் சனிக்கிழமையைப் பற்றி நீ அனுப்பிய நீள மெசேஜைப் பல தடவை படித்தேன். காலையில் வீடில்லாதவர்களுக்குச் சமைக்கிற இடத்தில் மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு உரித்தாயாம், நூறு பேருக்குப் பரிமாறினாயாம். நல்லது. இங்கே ஒரு வெங்காயம் நறுக்கச் சொன்னால் கண் எரிகிறது என்று ஓடுவாய். சாப்பிட வந்த பெரியவர் ஒருவர், தன் பிள்ளைகளோடு பேசி ஒன்பது வருஷம் ஆகிறது என்று சொன்னதும் உனக்கு அழுகை வந்துவிட்டதாம். முன்பின் தெரியாதவருக்காக அழ உனக்கு நேரம் இருக்கிறது.

மத்தியானம், சுவரெல்லாம் வேதாகமக் கதை வரைந்த அந்தச் சிற்றாலயம். முன்கூட்டியே டிக்கெட் வாங்க வேண்டும், உள்ளே கால் மணி நேரம்தான் விடுவார்கள், கூரை முழுக்க நீலம் என்று எவ்வளவு எழுதியிருக்கிறாய்! அதே பதுவா நகரில், நடந்து போகிற தூரத்தில்தானே அந்தோனியார் கல்லறை இருக்கிறது? காணாமல் போனதை மீட்டுத் தருகிறவர் என்று நாம் தோர்னஹள்ளிக்குப் போய் மெழுகுதிரி ஏற்றுகிற அதே அந்தோனியார். நீ கிளம்பும்போது உன் அண்ணன் கிங்ஸ்லியின் போட்டோவையும் என் விண்ணப்பத்தையும் ஒரு கவரில் வைத்துக் கொடுத்து, கல்லறையைத் தொட்டு வேண்டிக்கொண்டு அங்கே வைத்துவிடு என்று சொன்னேன். ஆறு மாதமாகக் கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலிக்கிறது.

இந்தத் தடவை கேட்டதற்கு நீ சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. “அண்ணன் ஒண்ணும் தொலைஞ்சு போகலம்மா. கொள்ளேகால்ல ஸ்கூல்ல கணக்கு சொல்லிக் கொடுக்கிறான். ரெண்டு மணி நேர பஸ். நீங்க துரத்திவிட்டவனைத் தேடித் தர்றது அந்தோனியார் வேலையில்ல” என்றாய். பெற்றவளுக்கே உபதேசம். சாமியாராகக் குருப்பட்டம் வாங்க எட்டே மாதம் இருக்கும்போது, எனக்குத் தேவ அழைப்பு இல்லை என்று சொல்லிச் செமினரியிலிருந்து பையோடு வந்து நின்றானே, அன்று நீ பெங்களூர் ஹாஸ்டலில் இருந்தாய். பங்குக் கோயிலில் என்னை எல்லோரும் சாமியாரம்மா என்று கூப்பிடப் பழகியிருந்தார்கள். அடுத்த ஞாயிறு பூசையில் நான் பட்டது உனக்கு எங்கே தெரியும்?

அதோடு விட்டாயா? அந்தச் சிற்றாலயத்துச் சுவரிலிருந்து ஒரு படத்தை வேறு அனுப்பினாய். மாதாவின் அப்பா சுவக்கீன், ஆட்டுக்குட்டியை அணைத்தபடி நிற்கிறார். பிள்ளையில்லாதவர் என்று சொல்லி ஆலயத்துக் குரு அவரை வெளியே தள்ளுகிறார். கீழே நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எனக்குப் புரியாது என்று நினைத்தாயா? அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “ஆட்டுக்குட்டி சென்னாகிதே” என்று கன்னடத்தில் மெச்சி, பேப்பரை விரித்துக்கொண்டார். அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் அந்தத் தள்ளுகிற கையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோவி, நீ எல்லாவற்றையும் அப்பா தலையில் போட்டுவைத்திருக்கிறாய். கிங்ஸ்லி உன்னிடம் அப்படித்தான் சொல்லியிருப்பான்; என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டான். அப்பா கத்தினார், உண்மைதான். கத்திவிட்டு மாடிக்குப் போய்விட்டார். பையைத் தூக்கி வெளியே வைத்தது நான். கதவைத் தாழ்போட்டதும் நான். “அம்மா, பசிக்குதும்மா, சாப்பிட்டுட்டுப் போயிடறேன்” என்று வெளியே நின்று சொன்னான். குழம்பு அடுப்பில் இருந்தது. நான் திறக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் வார்டில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கஞ்சி ஊட்டியவள் நான்.

இவ்வளவும் செய்துவிட்டு, ‘காணாமல் போன என் மகன்’ என்று அந்தோனியாருக்கு எழுதினேன்.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை, தோர்னஹள்ளிக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கொள்ளேகால் பஸ்ஸில் ஏறினேன். பாதியில் நரசிபுரத்தில் இறங்கிவிட்டேன். கொள்ளேகால் இன்னும் வரவில்லை என்று கண்டக்டர் இரண்டு தடவை சொன்னார். என்ன சொல்லி அவன் முன்னால் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்து, பூசைக்குக் கூட்டம் அதிகம் என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

சோனியா அங்கே வந்து சேர்ந்த பிறகு வருகிற சனிக்கிழமை மறுபடி போகிறேன். இந்தத் தடவை இறங்க மாட்டேன். அப்பாவிடம் சொல்லிவிட்டே போவேன். அவர் கத்தினால் கத்தட்டும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

நீ அவனோடு வாரம் தவறாமல் பேசுவது எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்று அவனிடம் சொல். அம்மா வந்தால் பேச வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். கதவை மட்டும் திறக்கச் சொல்.

உன் நெற்றியில் சிலுவை இட்டு,
அம்மா,
ஜேன் குழந்தைசாமி