சுண்டுவிரலும் என் பெருந்தீனிக்காரர்களும்

மார்ச் 3, செவ்வாய்
ஆய்வகத்தில் இன்றும் தட்டு தட்டாக மேக்ரோஃபேஜ் செல்கள். உடம்புக்குள் கிருமியை விழுங்குபவை. சண்டை ஓய்ந்ததும் குப்பையைத் தின்று புண்ணை ஆற்றத் தொடங்குபவை. நான் வைத்த பெயர் பெருந்தீனிக்காரர்கள். இவருக்கோ அவை என் பிள்ளைகள். "உன் பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?" என்று தினமும் வம்புக்கு இழுப்பார். அப்படிப்பட்ட என் வீட்டுக்காரருக்குக் கால் சுண்டுவிரல் புண் ஏழு வாரமாக ஆறவில்லை. சர்க்கரை.

மார்ச் 9
இருபதாம் தேதிக்குள் ஆறாவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டுமாம், மருத்துவர் சொல்லிவிட்டார். "சுண்டுவிரல்தானே, மோதிரமா போடப்போறேன்?" என்கிறார் இவர். நான் நாட்காட்டியில் இருபதை வட்டமிட்டு வைத்தேன்.

மார்ச் 10
தாய் வயிற்றில் விரல்கள் முதலில் ஒட்டித்தான் இருக்கும். பிரியும்போது நடுவில் மடிகிற செல்களைத் தின்று துப்புரவாக்குவதும் இதே பெருந்தீனிக்காரர்கள்தான். அன்றைக்கு அவ்வளவு செய்தவர்கள் இன்றைக்கு ஏன் கைவிடுகிறார்கள்? சர்க்கரை ஏறினால் சண்டையை விட்டு ஆற்றும் வேலைக்கு மாறாமல் நின்றுவிடுவார்களாம். அது மட்டும்தானா?

மார்ச் 11
வீட்டுக்கு வந்த நர்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள் என்று கேட்டார். ஸ்பிரிட், காலையும் மாலையும் என்றேன், பெருமையாக. ஆய்வக மேசையைத் துடைத்துப் பழகிய கை அல்லவா.

"கிருமியோட சேர்த்து, ஆத்த வர்ற செல்லையும் கொன்னுட்டிருக்கீங்கம்மா. நான் குடுக்கிற உப்புக்கரைசல் போதும்."

நானா? நாள் முழுக்க அதே செல்களைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறவள் — அறிவு எங்கடி போச்சு உனக்கு?

அழுதுகொண்டே இவரிடம் சொன்னேன். மரத்துப்போன கால், எரிச்சல்கூடத் தெரிந்திருக்காது. குனிந்து கட்டைப் பார்த்தார். பிறகு, "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்னு இருந்தேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 15
புண்ணைத் தொடவில்லை. கட்டுவது நர்ஸ் மட்டும். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 20
ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை! இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார் மருத்துவர். வெளியே வந்ததும் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவே இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு
காலையிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கடைத்தெரு வரை நடந்து போய் வந்திருக்கிறார். வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கால் கழுவப் போனார், அப்படியே ஈரத்தோடு கூடத்தைக் கடந்து அறைக்குள் போய்விட்டார்.

துணியை எடுத்துக்கொண்டு போனவள் துடைக்காமல் நின்றேன். தரையில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.