நானூறா, ஐந்நூறா?

அன்பு மகள் மார்னிக்கு,

அம்மாவும் நானும் இங்கே சுகம், என் முழங்காலைக் கேட்டால் மட்டும் வேறு சொல்லும். ஜார்ஜியாவில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். புதுக் குறுக்குவில்லுக்கு எத்தனை கிரெயின் எடையில் அம்பு வாங்குவது என்று கேட்டிருந்தாய். அதற்கு உன் அம்மாவின் கதையைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்.

தோளில் அறுவை நடந்தபின் அவள் கையால் நாண் இழுத்து எய்யும் வில்லை விட்டு, துப்பாக்கிபோல் விசை அழுத்தி எய்யும் குறுக்குவில்லுக்கு மாறியது உனக்குத் தெரியும். போன வருடம் அதற்கு அம்பு தேர்ந்தெடுத்தவன் நான். முப்பத்தோரு வருடம் இயற்பியல் நடத்தியவன் அல்லவா, வேகம்தான் எல்லாம் என்று கணக்குப் போட்டு, முனையோடு சேர்த்து நானூறு கிரெயினுக்கும், அதாவது இருபத்தாறு கிராமுக்கும் குறைவாக, பட்டதும் அகல விரியும் அலகு வைத்து வாங்கிக் கொடுத்தேன். அவள் எய்தபோது அது மானின் தோள் எலும்பில் பட்டு அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு நாள் சோளக்காடெல்லாம் தேடியும் மான் கிடைக்கவில்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் வில்லை விற்றுவிடுவேன் என்று மட்டும் அவள் சொன்னாள்.

இந்தக் கோடையில் தேர்வை அவளே கையில் எடுத்தாள். பால்பண்ணையில் வளர்ந்தவள், என் சூத்திரத்துக்கு அவள் சொன்ன மறுப்பு இதுதான்: சரிவில் உருட்டிவிட்ட காலிப் பால்கேன் வைக்கோல் கட்டில் முட்டி நிற்கும், நிறைந்த கேன் கட்டையும் தள்ளிக்கொண்டு போகும். வகுப்பில் இத்தனை நல்ல உதாரணம் எனக்குத் தோன்றியதே இல்லை. பக்கத்துப் பண்ணை வெர்னிடம் தோட்டா மருந்து நிறுக்கும் தராசை வாங்கிவந்து ஒவ்வொரு அம்பாக நிறுத்தாள். "என்ன இர்மா, தங்கமா விக்கப் போற?" என்று வெர்ன் கிண்டல் செய்தார். "தங்கம் போனா திரும்ப வாங்கிக்கலாம் வெர்ன், மானை அப்படி வாங்க முடியாது," என்றாள். கடைசியில் நிலையான அலகுள்ள நூற்றைம்பது கிரெயின் முனை, மொத்தம் ஐந்நூறு என்று முடிவானது. வேகம் குறைந்தது, ஆனால் வில்லின் சத்தமும் அடங்கியது. சத்தம் கேட்டுத்தானே மான் சட்டென்று பதுங்குகிறது. கனமான அம்பு தூரம் போகப்போக இன்னும் அதிகமாகத் தாழும் என்பதால் குறிக்கண்ணாடியை மறுபடி சரிசெய்து, பயிற்சி முனையை விட்டுவிட்டு, அதே எடையில் வேட்டை முனை கொண்டே தினமும் எய்து பார்த்தாள். முப்பது கஜத்துக்கு மேல் எய்வதில்லை என்று தனக்குத் தானே எல்லை போட்டுக்கொண்டாள்.

போன சனிக்கிழமை மாலை ஓக் மரத்துப் பரணில் இருவரும் இருந்தோம். பத்துக் கிளைக் கொம்போடு ஒரு ஆண்மான் நாற்பத்தைந்து கஜத்தில் வந்து நின்றது. நான் அவள் முழங்கையைத் தொட்டேன். அவள் தலையசைத்து மறுத்தாள். அது நடந்து போயே போய்விட்டது. பிறகு ஒரு பெண்மான், இருபத்திரண்டு கஜம், பக்கவாட்டில் திரும்பியது. எய்தாள். அம்பு ஊடுருவி அந்தப் பக்க மண்ணில் குத்திட்டு நிற்க, மான் புதருக்குள் ஓடி மறைந்தது. வழக்கப்படி அரைமணி இறங்காமல் காத்திருந்தோம். போன வருடத்து அம்பு என் தேர்வு, தப்பும் என்னுடையது என்று அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். "அம்பு நீ எடுத்ததுதான் டெல்பர்ட், விசையை அழுத்தினது நான்," என்றாள். இறங்கிப் போனபோது அறுபது அடி வைப்பதற்குள் மான் கிடைத்தது. அவள் மண்டியிட்டு அதன் கழுத்தில் கையை வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தாள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நாற்பது வருடம் கூடவே வாழ்ந்தும் அவளை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்ததாகத் தோன்றியது.

ஆகவே கனமாகவே வாங்கு, உன் வில்லின் கையேடு சொல்லும் எடைக்குக் கீழே ஒருபோதும் போகாதே. முனை மாற்றினால் குறியைச் சரிபார்க்காமல் காட்டுக்குள் கால் வைக்காதே. பரணில் உடல் முழுக்கப் பிடிக்கும் பாதுகாப்புக் கச்சையைக் கட்டிக்கொள். உன் கை நிதானமாகவும் மனம் அதைவிட நிதானமாகவும் இருக்க எங்கள் ஆசி. ஏதாவது சந்தேகம் என்றால் அம்மாவைக் கேள், என்னைக் கேட்காதே.

உன் அன்பு அப்பா,
டெல்பர்ட்