டேமேஜ் என்று நான் எழுதிய காப்பிக்கொட்டை

என் மரகதத்துக்கு,

அங்கே காலையில் யார் உனக்குக் காப்பி போட்டுத் தருகிறார்கள்? யாராக இருந்தாலும் அவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. நீ சும்மா வாங்கிக் குடிக்கிற ஆளா? முதலில் முகர்ந்து பார்ப்பாய். ஒரு வாய் வைப்பாய். "வறுவல் ஒரு நிமிசம் ஜாஸ்தி" என்பாய். போட்டுக் கொடுத்தவர் முகம் சுண்டிப்போன பிறகு, அதே டம்ளரைச் சொட்டு மீதி வைக்காமல் குடித்து முடிப்பாய்.

உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, மரகதம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நான் எழுதிய ஒரு சின்னச் சீட்டால், நீ பாடுபட்டுச் சேர்த்து வைத்த மலைக்காரப் பெண்கள் நம்மை விட்டுப் போகப் பார்த்தார்கள்.

கூட நாலு பேர் படிக்கப்போகிற கடிதம் இது. அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள். முதல் பெஞ்சுக்குப் புரிந்துவிட்டாலும் கடைசி பெஞ்சுக்காக இன்னொரு தடவை சொல்லிப் பழகியவள் நான். ஓய்வு பெற்றால் சம்பளம்தான் நிற்கிறது, பழக்கம் நிற்கவில்லை.

நீ பழனி மலையில் காப்பித் தோட்டத்து ஊரில் பிறந்தவள். கல்யாணமாகித் திருப்பூர் வீரபாண்டிக்கு வந்து என் பக்கத்து வீட்டில் குடியேறினாய். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ட்யூப் லைட்டுக்குக் கீழே வெள்ளை மேசையில் துணியை விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி விட்ட கோடு என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாய். என் வீட்டுத் திரைச்சீலையில்கூட ஒரு தடவை ஒட்டிவிட்டுப் போனாய், ஞாபகமிருக்கிறதா?

அம்மா ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் ஒரு பையில் காப்பிக்கொட்டை கொண்டு வருவாய். இரும்புச் சட்டியில் வறுப்பாய். எங்கள் வரிசை வீடு மொத்தமும் வாசலுக்கு வந்துவிடும். அப்படி ஒரு நாள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். "எங்கூர்ல வீட்டு வாசலுக்கே வேன் கொண்டாந்து வியாபாரி அள்ளிட்டுப் போறான் டீச்சரக்கா. பச்சை, பழம், அழுகல் எல்லாம் ஒரே வெல. நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே வெலைன்னா எவ நின்னு நல்லதாப் பாத்துப் பறிப்பா?"

அந்தக் கேள்விக்கு நீயே பதிலாக ஒரு தொழிலை ஆரம்பித்தாய். மூடிப்போன ஒரு கம்பெனியின் செக்கிங் மேசையை வாங்கி உன் முன்னறையில் போட்டாய். உன்னோடு வேலை பார்த்த செல்வியையும் ஜெயராணியையும் கூட்டி வந்தாய். பனியனில் கறை தேடிய கண்கள் கொட்டையில் வண்டுத் துளை தேடின. பொறுக்கி, வறுத்து, அரைத்து, அருள்புரம் கம்பெனி கேன்டீனிலிருந்து காதர்பேட்டைக் கடைக்காரர் வீடு வரைக்கும் தூளைக் கொண்டு போனீர்கள். பழமாகப் பார்த்துப் பறித்தவளுக்கு நல்ல விலை கொடுத்தாய்.

நீ செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் திருப்பி அனுப்பும் பொட்டலம். கம்பெனியில் டேமேஜ் பீஸை அம்பு ஒட்டித் தைத்தவரிடமே அனுப்புவார்கள் இல்லையா, அதையே இங்கேயும் செய்தாய். ஒவ்வொரு மூட்டைக்கும் விளைவித்தவள் பெயர் உண்டு. அதில் கழித்த கொட்டைகளைத் தனியாகக் கட்டி, அம்பு ஒட்டி, காலிச் சாக்கோடு அவளுக்கே அனுப்பிவிடுவாய். காரணத்தைச் சீட்டில் எழுதுவது என் வேலை. 'வண்டுத் துளை.' 'பழுக்கும் முன் பறித்தது.' கூடவே ஒரு பொட்டலம் காப்பித் தூளும் போகும். "திட்டையும் காப்பியையும் ஒண்ணாக் குடுத்தாத்தான் உள்ள எறங்கும்" என்பாய்.

இறங்கத்தான் செய்தது. பாக்கியத்தையே எடுத்துக்கொள். உன் ஊர்க்காரி. முதல் வருஷம் அவளுக்குப் போன கழிவுப் பொட்டலம் ஒரு தலையணை அளவு. போன வருஷம் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியது. அவளைப் பார்த்து மற்ற பெண்களும் பச்சையை விட்டுப் பழத்தைப் பறிக்க ஆரம்பித்தார்கள்.

ஆடியில் காய்ச்சல் என்று படுத்தாய். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாய். அவ்வளவுதான், திரும்பி வரவே இல்லை. "நாளைக்கு வந்து சொல்றேன் டீச்சரக்கா" என்று ஆட்டோவிலிருந்து கையை ஆட்டினாய். எதைச் சொல்ல நினைத்தாய்?

கடையைச் சாத்திவிடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். செல்வி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "சாவி எங்கிட்டல்லங்க இருக்குது டீச்சர். நீங்க எப்படிங்க சாத்துவீங்க?" என்றாள்.

மார்கழியில் இந்த வருஷத்து முதல் பறிப்பின் கொட்டை வந்து இறங்கியது. நீ இல்லாமல் வந்த முதல் மூட்டைகள். பாக்கியத்தின் மூட்டையை மேசையில் கொட்டிய செல்வி புருவத்தைச் சுருக்கினாள்.

"ஏனுங் டீச்சர், இதென்னுங்க இத்தனை உருண்டையா வருது? எப்பவும் ஒரு பக்கம் தட்டையால்லங்க இருக்கும்?"

ஜெயராணி தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, தீர்ப்பு சொல்லத் தயங்கவே மாட்டாள். "மெஷர்மென்ட் அவுட்டுக்கா. ஒரு டஜன் பனியன்ல ஒண்ணுக்குக் கை குட்டையா இருந்தா பாஸ் பண்ணுவியளா? தூக்கி அங்கிட்டு வையிங்க."

"பாக்கியக்கா மூட்டையில போயி இப்புடியா?"

"ஆளப் பாத்தா செக்கிங் பண்ணுவாவ? பீஸப் பாத்துதான்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. உருண்டைகளை எல்லாம் கழித்துக் கட்டினோம். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மணி மணியாக எழுதினேன்: 'டேமேஜ். வடிவம் சரியில்லை.' நீ வழக்கமாக வைக்கிற மாதிரி, நாம் எல்லாருக்கும் விற்கிற தூளில் ஒரு பொட்டலமும் வைத்து அனுப்பினோம்.

நாலாம் நாள் மத்தியானம் பாக்கியமே வந்து நின்றாள். மலையிறங்கி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கையில் நாங்கள் அனுப்பிய பொட்டலம். தண்ணீர் கொடுத்தோம், வாங்கவில்லை.

"இத எவ எழுதுனது?"

"நான்தாம்மா" என்றேன்.

"எழுத்து நல்லாருக்கு. எழுதுனதுதான் நல்லால்ல." பொட்டலத்தை மேசையில் வைத்தாள். "மரகதம் போனதும் எங்களக் கழிச்சு விடுறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா டீச்சரம்மா? நேரா சொல்லிருக்கலாம்ல. எதுக்கு இந்தச் சீட்டு? அந்த வியாபாரி பச்சையும் பழமும் பாக்காம ஒண்ணா அள்ளுறவன்தான். ஆனா ஒரு நாளும் என் காப்பியப் பாத்து டேமேஜுன்னு சொன்னதில்ல. நேத்து வாசல்ல வந்து நிக்கிறான். ரெண்டாம் பறிப்பு காஞ்சு வீட்டுல கெடக்கு. ஊரே நான் என்ன சொல்லப்போறேன்னு பாத்துக்கிட்டு இருக்கு."

செல்வி மெதுவாக, "இல்லீங்க்கா, உருண்டையா இருந்துச்சுங்க..." என்றாள்.

பாக்கியம் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். "நான் மரகதத்துக்குக் குடுத்த தகரத் தட்டு எங்க?"

தண்ணீர் டிரம்மின் மேல் இருந்தது, மரகதம். ஆமாம், நாங்கள் அதை மூடியாக வைத்திருந்தோம். நீ தினமும் ஆறு மணிக்கே வந்து, நாங்கள் வருவதற்குள் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு ஏதோ செய்வாய். தூசி தட்டுகிறாய் என்றுதான் நினைத்திருந்தோம்.

பாக்கியம் தட்டைத் துடைத்து, ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, இன்னும் பொறுக்காத மூட்டையிலிருந்து ஒரு பிடி கொட்டையைப் போட்டு லேசாக உலுக்கினாள். தட்டையான கொட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. உருண்டைகள் மட்டும் கலகலவென்று ஓடி வந்து கீழே இருந்த துணியில் விழுந்தன.

"ஒரு பழத்துக்குள்ள ரெண்டு கொட்டை இருக்கும். ஒண்ண ஒண்ணு அழுத்திக்கிட்டுக் கெடக்கும், அதான் ஒரு பக்கம் தட்டை. சில பழத்துல ஒண்ணுதான் வளரும். அழுத்துறதுக்கு ஆளில்ல, உருண்டையா வந்துரும். இதத்தான் கடையில பீபரின்னு தனியா வெல சொல்லி விக்கிறான். மரகதம் இதத் தனியா எடுத்து, தனியா வறுத்து, எங்களுக்கே தூளாக்கி அனுப்பும். 'நீங்க வெளைச்சதுல ஒசத்தியானத நீங்க குடிக்க வேணாமா'ன்னு கேக்கும். இந்தத் தடவ தூளு வந்துச்சு. வாயில வச்சதுமே தெரிஞ்சுபோச்சு, இது என் செடியோடது இல்லன்னு. அடுத்த பொட்டலத்தப் பிரிச்சா அந்தக் கொட்டையே டேமேஜுன்னு வந்திருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து கடையில் பீபரி கொடுங்கள் என்று கேட்டு வாங்கியவள் நான். அது ஏதோ கம்பெனிப் பெயர் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஒரு பெஞ்சில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தால் எப்படி உட்காருவார்கள், ஒருத்தி மட்டும் உட்கார்ந்தால் எப்படிக் காலை நீட்டிக்கொள்வாள் என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவளுக்கு, இது தோன்றாமல் போயிற்றே!

உன்னிடம் சொன்னால் என்ன, மரகதம். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் வேறு வழியில் கணக்குப் போட்டிருந்தாள். விடை சரி. நான் சொல்லிக்கொடுத்த வழியில்லை என்று சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டேன். அவள் அழவில்லை, நோட்டை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். அன்று பாக்கியம் முகத்தைப் பார்த்தபோது அந்த நோட்டு ஞாபகம் வந்தது.

"தப்பு என்னுதுதான் சாமி" என்றேன். "தெரியாம எழுதிட்டேன். தெரியலைன்னா கேட்டிருக்கணும். கேக்காமயும் எழுதிட்டேன்."

பாக்கியம் தட்டில் மிஞ்சிய கொட்டையை மூட்டையில் திரும்பக் கொட்டினாள். பிறகு கேட்டாள், "உங்கள்ல ஒருத்தியாவது காப்பிச் செடியப் பாத்திருக்கீங்களா?"

செல்வி இல்லையென்று தலையாட்டினாள். ஜெயராணியும். நான், "கரும்பலகையில படம் வரைஞ்சிருக்கேன்" என்றேன்.

ஜெயராணிக்கு அடக்க முடியவில்லை. "எங்க டீச்சர் யானையும் வரைஞ்சிருக்காவக்கா. மேய்க்கச் சொல்லிராதிய!"

பாக்கியம் சிரித்துவிடுவாளோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை, தண்ணீர்ச் சொம்பை மட்டும் எடுத்துக் குடித்தாள். போகும்போது வாசலில் நின்று இரண்டு விஷயம் சொன்னாள். உருண்டைக் கொட்டையில் பாதி தூளாக மலைக்குத் திரும்பி வர வேண்டும், அது மரகதம் போட்ட வழக்கம். மீதிப் பாதியை இனிமேல் திருப்பூரில் தனிப் பொட்டலமாக விற்க வேண்டும், பறித்தவள் பெயரை மேலே போட்டு. "அது மரகதமே செய்யாதது. நான் கேக்குறேன்." சரி என்றோம். இரண்டாம் பறிப்பைக் கொடுப்பாளா என்று செல்வி கேட்டதற்கு, "யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

அவள் இல்லை என்றால் மற்றவர்களும் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் செல்வி கழித்த கொட்டைகளை எல்லாம் திரும்பச் சேர்த்து, உன் தட்டில் ஓட்டி, வறுக்கும் டிரம்மில் போட்டாள். உருண்டைக்கு எவ்வளவு சூடு என்று தெரியாமல் முதல் தடவை கருகிவிட்டது. இரண்டாம் தடவை நான் கடிகாரம் பிடித்தேன், ஜெயராணி புகைக்கு மூக்கைப் பொத்தாமல் வாசனை பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். வந்த தூளைப் பொட்டலமாகக் கட்டி, சீட்டில் பாக்கியம் என்று பெயரை மட்டும் எழுதினேன். வேறு ஒன்றும் எழுதத் துணிவில்லை. மறுநாள் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினோம்.

ஐந்து நாள் பதில் இல்லை. செல்வி போனைக் கையிலேயே வைத்திருந்தாள். ஜெயராணி ஜெபம் செய்தாள், கூடவே வியாபாரியின் வேன் மலையில் பஞ்சராக வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டாளாம். ஆறாம் நாள் காலையில் போன் அடித்தது. செல்வி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தூளு வந்துச்சு" என்றாள் பாக்கியம். "குடிச்சேன்."

செல்வி போனை மேசை நடுவில் வைத்தாள்.

"மரகதம் வறுத்தது மாதிரி இல்ல." பின்னால் கோழி கத்தியது. "ஆனா எங்க காப்பிதான். மூட்டைய நாளைக்குக் காலையில பஸ்ஸுல ஏத்துறேன். பக்கத்து வீட்டு மூட்டையும் சேத்து வருது. கடைசிப் பறிப்புக்கு நீங்க மூணு பேரும் இங்க வந்துரணும். டீச்சரம்மாவுக்குத் தனியா சொல்றேன், பச்சையப் பறிச்சா சோறு கெடையாது."

போனை வைத்ததும் செல்வி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நான் பார்க்காத மாதிரி சீட்டுகளை வெட்டிக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால் இரண்டு பேரையும் அதட்டியிருப்பாய்.

உன்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஏன் எங்களில் ஒருத்தியையாவது ஆறு மணிக்கு வரச் சொல்லவில்லை? சொல்லலாம், சொல்லலாம் என்று இருந்துவிட்டாயா? நாங்கள் தூங்கட்டும் என்று விட்டாயா? நானும் அப்படித்தான், எத்தனையோ விஷயங்களை நாளை வகுப்புக்கு என்று தள்ளியிருக்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை மூன்று பேரும் மலையேறுகிறோம். முழங்கால் வலிக்கு எண்ணெய் எடுத்து வைத்திருக்கிறேன். நீ பிறந்த ஊரை முதல் தடவையாகப் பார்க்கப்போகிறேன், நீ இல்லாமல். பாக்கியம் காட்டுகிற செடியில், அவள் காட்டுகிற பழத்தைப் பறிப்பேன். அங்கே எனக்குத் தெரிய வருவது எதுவானாலும், அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் செல்விக்கும் ஜெயராணிக்கும் சொல்லிவிடுவேன். நாளைக்கு என்று ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு, மரகதம்.

பக்கத்து வீட்டில் இருந்தும் உன்னிடம் கேட்காமல் விட்டவற்றை இப்போது ஊரெல்லாம் கேட்டுத் திரியும்,
உன் டீச்சரக்கா
வீரபாண்டி, திருப்பூர்