ரிட்டயர் ஆன அப்பாவும் மார்செலின் பால் வண்டியும்

முருகன் துணை

பியர்பொன்ட்ஸ், மாண்ட்ரியல்
15-3-1975, சனிக்கிழமை

அன்பு மகள் திலகத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் அண்ணன் மணிவாசகம், அண்ணி சியாமளா, குழந்தை எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், குளிரை மட்டும் கணக்கில் சேர்க்காதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாய் இருக்க மருதமலையானை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே கண்ணு, உட்கார்ந்து எழுத இடம் கொடுத்தால்தானே. வேலையை விட்ட பிறகு அப்பா எப்படி இருக்கிறார், மனசு தேறினாரா என்று கேட்டிருந்தாய். தேறிவிட்டார் என்று ஒரு வரியில் எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு, மாமியாருக்கு வேண்டாம்.

உனக்குத் தெரியாதது இல்லை, உன் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் கோயமுத்தூரில் ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டினவர். விடிவதற்கு முன்னால் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவரைப் பகல் வெளிச்சத்தில் நான் பார்த்தது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவருக்குக் காய்ச்சல் வந்தபோதும்தான். போன அக்டோபரில் இங்கே வந்து இறங்கினோம், நவம்பரில் பனி விழுந்தது, அன்றிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் பார்க்கிறேன். மணியும் சியாமளாவும் வேலைக்குப் போய்விடுவார்கள், குழந்தையை கார்டரி என்கிற, பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில் விட்டுவிடுவார்கள், வீட்டில் நானும் அவரும். சமையல்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு நான் வெங்காயம் நறுக்குவதைப் பார்ப்பார். ஒரு நாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அலமாரி டப்பாக்களை எல்லாம் இறக்கி மாற்றி அடுக்கிவிட்டார். எது முதலில் இறங்குமோ அது கதவோரம் இருக்கணும், வண்டியில் அப்படித்தான் ஏற்றுவோம் என்றார். கடுகு எங்கே என்று கேட்டால் கடைசி ஸ்டாப்பில் இருக்கிறது என்கிறார். மணியின் காரில் போகும்போது பின்சீட்டில் உட்கார்ந்து காலால் பிரேக் போடுவார், என் செருப்பு இரண்டு தடவை நசுங்கியது. காலையில் நாலு மணிக்கு எழுந்து முகம் கழுவி சட்டை மாற்றி ஜன்னலோரம் நிற்பார். என்னங்க என்றால் ஒன்றுமில்லை என்பார். ஒன்றுமில்லாமல்தான் நின்றார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. டிசம்பரில் பேச்சும் குறைந்துபோயிற்று.

ஜனவரியில் ஒரு நாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது எங்கள் தெருவுக்குப் பால் போடுகிறவர் வண்டியிலிருந்து இறங்கி நொண்டி நொண்டி வருவதைப் பார்த்திருக்கிறார். அவர் பெயர் மார்செல், அப்பா வயதுதான் இருக்கும், ஆள் இரட்டை நாடி, மூட்டு வலிக்காரர். பனி உறைந்து வாசல் கண்ணாடி மாதிரி கிடந்தது. அப்பா மணியின் பழைய ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய் அவர் கையிலிருந்த பாட்டில்களை வாங்கி எதிர்வீட்டில் வைத்துவிட்டு வந்தார். அவர் மெர்சி என்று நன்றி சொன்னாராம். அப்பா பரவாயில்லை என்றாராம். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் பாஷை கிடையாது. மறுநாளிலிருந்து அப்பா வாக்கிங் போகிறேன் என்று காலையில் கிளம்பிப் போய்விட்டு ஒன்பது மணிக்குக் கன்னம் சிவந்து வருவார், நாலு தோசை சாப்பிடுவார், சமையல்கட்டுப் பக்கம் வராமல் தூங்குவார். அந்தக் குளிரில் மூன்று மணி நேரம் எந்த மனுஷன் வாக்கிங் போவான் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் கண்ணு, வெங்காயத்தைத் தனியாக நறுக்குவதில் ஒரு நிம்மதி இருக்கிறது, அதனால் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய வேலையை வசுமதி அம்மாள் எனக்கு மிச்சம் வைக்கவில்லை. இவர் டாக்டர் சுந்தரராஜனின் மனைவி, கும்பகோணத்துக்காரர், நாலு தெரு தள்ளி வீடு, நல்ல மாதிரி. பொங்கலுக்கு இங்கே உள்ள தமிழ்க் குடும்பங்களை எல்லாம் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார், எல்லாம் டாக்டர்களும் புரொபசர்களும், அப்பாவுக்குப் பட்டுத் துண்டு போர்த்தி நடு சோபாவில் உட்கார வைத்தார்கள். அந்த அம்மாள் பிப்ரவரி முதல் வாரம் ஒரு காலையில் கதவைத் திறந்தால் பால் கூடையோடு நம் அப்பா நிற்கிறார். மாமா நீங்களா, என்ன இது, உள்ளே வாங்கோ, காபி சாப்பிடலாம் என்றாராம். அப்பா, இல்லீங்கம்மா, இன்னும் இந்தத் தெரு முடியலைங்க, உங்களுக்கு வெண்ணெய் இன்னைக்கு உண்டுங்களா என்று கேட்டாராம். அவர் திகைத்துப்போய் உண்டு என்றிருக்கிறார். அப்பா வெண்ணெயைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். சாயங்காலம் போன் வந்தது. அந்த அம்மாள் கேலியாகப் பேசவில்லை, மாமாவுக்கு ஏதாவது கஷ்டமா, பணம் காசு தேவையா என்று கவலையாகத்தான் கேட்டார். மணிக்கு அதுதான் தாங்கவில்லை.

போனை வைத்துவிட்டு வந்தவன் முகம் வெளுத்துவிட்டது. அப்பா, நீங்க செய்யறது எனக்கு எவ்வளவு கேவலம் தெரியுமா, ஊர்ல டிரான்ஸ்போர்ட் கம்பெனி வச்சிருந்தவர்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன் என்றான். அப்பா சத்தம் போடவில்லை. எத்தனை வண்டின்னு சொன்னே என்று கேட்டார். மணி தலையைக் குனிந்துகொண்டு நாலு என்றான். நாலு வண்டிக்கும் டிரைவர் வச்சிருந்தேனா, நானே ஓட்டினேனா என்றார். சியாமளா அடுப்பை அணைத்துவிட்டு, என்கிட்டயும் நாலுன்னுதான் சொன்னாங்க, கல்யாணத்துக்கு முன்னாடி என்றாள். அது அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய விஷயமா என்று தெரியவில்லை, ஆனால் சொல்லிவிட்டாள். அப்பா எழுந்து ஓவர்கோட்டை மடித்து மணியின் நாற்காலியில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். படுக்கையில் என்னிடம், பையனைப் படிக்க வச்சது போதலை தெய்வானை, நாலு வண்டி வாங்கியும் வச்சிருக்கணும் போல என்றார். சிரிக்கிறாரோ என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லு, இங்கே நான் இருந்தா அவனுக்கு இடைஞ்சல் என்றார்.

அதன்பிறகு பத்துப் பதினைந்து நாள் இந்த வீட்டில் நாங்கள் இருந்த இருப்பை எழுத வேண்டாம். காலையில் எழுந்திருப்பதையே விட்டுவிட்டார். எதை வைத்தாலும் பாதி சாப்பிட்டார். பால் வண்டி வாசலில் நின்று இரண்டு தடவை ஹார்ன் அடிக்கும், இவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சமையல்கட்டுக்கு வந்து என்னைக் குறை சொன்னால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. மணியும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள், சாம்பார் கரண்டியை என் வழியாகத்தான் கேட்டுக்கொள்வார்கள்.

போன மாதம் இதே மாதிரி ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாசல் மணி அடித்தது. திறந்தால் மார்செல், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி, கையில் பெண்சாதி செய்த சர்க்கரைப் பலகாரத் தட்டோடு நிற்கிறார். பொஞ்சூர் மதாம் என்று வணக்கம் சொன்னார். எனக்குத் தெரிந்ததும் பொஞ்சூர்தான், நானும் சொன்னேன், இரண்டு பேரும் நின்றோம். நல்லவேளை சியாமளா வீட்டில் இருந்தாள், அவள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ காலேஜில் வேலை பார்க்கிறாள் இல்லையா, அங்கே கூட வேலை செய்கிற பெண்களிடம் பிரெஞ்சு பேசப் பழகியிருக்கிறாள். அவளை நடுவில் உட்கார வைத்தார்கள். மணி பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். மார்செல், உங்கள் வீட்டில் சண்டை என்று புரிந்தது, அது என் வேலை இல்லை என்றாராம். மாதக் கடைசியோடு வீடுவீடாகப் பால் போடுவதைக் கம்பெனி நிறுத்துகிறது, எனக்கும் அன்றோடு வேலை முடிகிறது, ஒரே ஒரு விஷயம் கேட்டுப் போக வந்தேன் என்றாராம். சியாமளா இதைச் சொல்லிவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். மாமா, ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேக்கறார்.

அப்பா பலகாரத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு, எப்பவும் போல எந்திரிச்சேன், கம்பெனி வாசலுக்குப் போனேன், எதிர்த்தாப்புல நின்னு என் வண்டியைப் புதுப்பையன் எடுத்துட்டுப் போறதைப் பார்த்தேன், ரிவர்ஸ்ல தூணை உரசினான், அதையும் பார்த்துட்டு வந்தேன் என்றார். எத்தனை நாள் என்று மார்செல் கேட்டார். விமானம் ஏறுற வரைக்கும் என்றார். திலகம், நான் அவர் கோனியம்மன் கோயிலுக்குப் போய் வருகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், தினமும் துவைத்த வேட்டி எடுத்துக் கொடுத்தேன். சியாமளா பிரெஞ்சில் சொன்னாள். மார்செல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்கும் அதுதான் பயம் என்று சொன்னதாகச் சொன்னாள். மூலையில் மணியின் பேப்பரில் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. மார்செல் போகும்போது அப்பா வாசல் வரை போய், திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லும்மா என்றார்.

திங்கட்கிழமை போனார். மடித்து வைத்த ஓவர்கோட்டு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது, நான் மாட்டவில்லை, சியாமளாவும் இல்லை என்கிறாள். இரண்டு நாள் கழித்து இடுப்பளவு பனி. காரை சியாமளா எடுத்துக்கொண்டு முன்னாலேயே போய்விட்டாள், மணி டவுன்டவுன் ஆபீஸ் போக ரயிலைப் பிடிக்க வேண்டும், ரயிலடிக்குப் போகிற பஸ் வரவே இல்லை. அன்றைக்கு மேலதிகாரியோடு ஏதோ முக்கியமான மீட்டிங், டை எல்லாம் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் பனியில் நிற்கிறான். பால் வண்டி வந்தது. அப்பா கதவைத் திறந்து, ஏறு என்றாராம். பேச்சுவார்த்தை நின்றபிறகு அவர் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஏறினான். உட்கார சீட்டு கிடையாது, பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார் மார்செல். ஆனால் நேரே ரயிலடிக்குப் போகவில்லை, வழியில் மூன்று வீடு பாக்கி. மணி கடிகாரத்தைக் காட்டியிருக்கிறான். அப்பா, முதல்ல டெலிவரி, அப்புறந்தான் பாசஞ்சர் என்றுவிட்டார். மூன்றாவது வீட்டுக்கு மணியே இறங்கி ஓடிப் பாலை வைத்துவிட்டு வந்தானாம். ரயிலுக்கு நேரமாச்சுன்னுதாம்மா செஞ்சேன், வேற ஒண்ணுமில்லை என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னான். நான் கேட்கவே இல்லை.

ரயிலடியில் இவன் வண்டியிலிருந்து குதித்தால் எதிரே அந்த மேலதிகாரியே நிற்கிறார். மணி கையிலிருந்த பாலைத் துடைத்துக்கொண்டு, இவர் என் அப்பா, ஊரில் ரொட்டி வண்டி ஓட்டினார், இவர் அவருடைய சிநேகிதர் என்று இங்கிலீஷில் சொல்லியிருக்கிறான். எத்தனை வண்டி என்று சொல்லவில்லை. என்ன சொல்லப்போகிறாரோ என்று அந்தத் துரையின் முகத்தையே பார்த்திருக்கிறான். அவர் மார்செலைப் பார்த்து, அடுத்த மாதத்திலிருந்து எங்கள் வீட்டுக்கும் பால் வராதாமே, உண்மையா என்று கேட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டாராம். அன்று ராத்திரி சாம்பார் கரண்டியை மணி நேராக அப்பாவிடமே கேட்டு வாங்கினான். டாக்டர் வீட்டுக்கும் அவனே போன் செய்து பேசினான், கதவைச் சாத்திக்கொண்டு பேசினான், என்ன சொன்னானோ, அந்த அம்மாள் மறுநாள் மாமாவுக்கு என்று ஒரு ஜோடி கம்பளிக் கையுறை கொடுத்தனுப்பினார்.

மாதக் கடைசியோடு பால் வண்டி நின்றுபோயிற்று. இப்போது நடப்பது என்னவென்றால், தினமும் காலை ஒன்பது மணிக்கு மார்செல் நம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். என் சமையல்கட்டில் இரண்டு நாற்காலி. அவர் பிரெஞ்சில் பேசுகிறார், அப்பா தமிழில் பேசுகிறார், நடுநடுவே இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். தெருவில் எண்ணெய் லாரி திரும்பினால் எழுந்துபோய் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, சேர்ந்தாற்போல உச்சுக் கொட்டுகிறார்கள். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் மார்செல் கண்ணில் நீர் வர வரக் குடித்துவிட்டு இன்னும் கேட்கிறார். போன வாரம் அவர் பெண்சாதி போன் செய்து, இத்தனை நாள் நான் பயந்துகொண்டிருந்தேன், பகலெல்லாம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதற்கு மிகவும் நன்றி, சனிக்கிழமையும் அனுப்பலாமா என்று சியாமளா மூலமாகக் கேட்டாள். சனிக்கிழமை அவள் முறை, இரண்டு பேரையும் அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லச் சொன்னேன்.

டிக்கெட் பேச்சை அப்பா அதற்குப் பிறகு எடுக்கவில்லை, நாங்கள் கோடை முடிந்துதான் வருவோம் போலிருக்கிறது. நீ கடைவாய்ப் பல்லில் கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டிருக்கிறாய் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார், தள்ளிப்போடாமல் போய்ப் பிடுங்கிவிடு, பயமாக இருந்தால் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போ. உன் குடும்பம் நிறைந்து, கைகால் சுகத்தோடு, கவலை அண்டாமல் நீங்கள் மூவரும் வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். அப்பா தன் கையால் இரண்டு வரி எழுத ஆசைப்பட்டார், ஆனால் அவர் காலையிலேயே மார்செல் வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத முடிந்தது.

இப்படிக்கு,
உன் அம்மா,
ச. தெய்வானை