கிழித்த பக்கத்தின் பின்புறம்

12-8-1981, புதன்

இன்று எங்கள் தொழிற்சாலை ஆஸ்பத்திரியில், தொழிலாளி ஒருவரின் மனைவி ஸ்டெல்லாவுக்குப் பென்சிலின் ஊசி போட்டுவிட்டார்கள். முகம் வீங்கி, மூச்சு முட்டி, போய்விடுவாள் என்றே நினைத்தோம். பிழைத்துக்கொண்டாள்.

பென்சிலின் ஆகாது என்று அவர்கள் குடும்பத்து வைத்திய நோட்டில் போன வருஷமே எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தைக் காணோம். காய்ச்சல் மயக்கத்தில் அவளாலும் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் டாக்டர் கேட்டபோது, தானே கிழித்ததாகச் சொன்னாள். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

"படிச்சவங்கதானே நீங்க, இப்படிச் செய்யலாமா?" என்று அவளைத்தான் கடிந்துகொண்டார். நான் பக்கத்து மேஜையில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த நோட்டுக்கு ஆபீஸில் வைத்திருக்கும் நகலைப் பார்த்த எனக்குக் காரணம் தெரியும். முன்புறம் அவள் கருத்தடை மாத்திரை வாங்கிய விவரம். அதைப் புருஷனிடமிருந்து மறைக்கக் கிழித்தாள், பென்சிலின் குறிப்பு அதே தாளின் பின்புறம் இருந்தது. ஆளுக்கொரு நோட்டு வேண்டாம், புருஷன் பேரில் குடும்பத்துக்கு ஒன்று போதும், எல்லாம் தேதி வரிசையில் இருக்கட்டும் என்று யோசனை சொன்னது நான். பாராட்டும் வாங்கினேன்.

கிளம்பும்போது அவள் புருஷன் என் மேஜைக்கு வந்தார். ஃபிட்டர், நல்ல மனுஷர்தான்.

"என்ன பக்கம்னு கேட்டா அழறா சார். உங்ககிட்ட காப்பி இருக்கும்ல, கொஞ்சம் காட்டுங்க."

"பீரோவைப் பூட்டிட்டாங்க, காலையில வாங்க" என்றேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

நோட்டு அவர் பேரில் இருக்கிறது. கேட்டால் காட்டத்தான் வேண்டும். நகலில் அந்தப் பக்கம் கிழியாமல், என் கையெழுத்தில், தெளிவாக இருக்கிறது.