நூல் அளந்த சுவர்

புதுச்சேரி
12.3.1958

அன்புள்ள அஞ்சலாட்சிக்கு, தணிகாசலம் எழுதுவது. நான் சுகம். நீயும் குழந்தை பூங்காவனமும் சுகமாக இருப்பீர்கள் என்றே தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

வைத்திக்குப்பத்து அறையைக் காலி செய்துவிட்டேன். ஈரக்காற்றில் கொஞ்சம் இருமல், வேறொன்றுமில்லை. வீட்டுக்கார அம்மாள் புஷ்பமேரி முன்பணத்தைத் திருப்பித் தருமுன் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"உப்புக் காத்துல சுண்ணாம்பு உதிர்ந்தா அது எங்க பாடு, உங்ககிட்ட பிடிக்க மாட்டேன். இந்தக் கீறல் யாரு போட்டது?"

மாதாமாதம் குழந்தையின் உயரத்துக்கு நீ அளந்து அனுப்பும் நூலை வைத்து, நான் ஆணியால் போட்ட கோடுகள் அவை. கடலிரைச்சலில் கண்ணை மூடினால் கடைசிக் கோட்டடியில் அவள் நிற்பாள். உச்சந்தலை எண்ணெய் வாசம்கூட வரும்.

"நாந்தாம்மா" என்றேன். பூச்சுக்கூலி ஐந்து ரூபாயைப் பிடித்துக்கொண்டார். நியாயம்தான்.

இப்போது ரெட்டியார்பாளையத்தில் இருக்கிறேன். கொஞ்சம் திப்பிலி அனுப்பு. குழந்தையை நேராக நிற்கவைத்துப் புது நூலும் அளந்து அனுப்பு. இங்கே சுவர் வெறுமையாக இருக்கிறது. சுவரில் கீறுவேன், முன்பணத்தில் ஐந்து ரூபாயை இப்போதே கழித்துக்கொள்ளுங்கள் என்று புது வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

மில் சங்கு ஊதுகிறது, ஓடுகிறேன். திப்பிலி இல்லாவிட்டால் போகட்டும், நூலை மறந்துவிடாதே.

தணிகாசலம்