அப்பா பேரில் வந்த அட்டை

அண்ணா,

இன்று மத்தியானம் குட்டிக்கு ரசஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது போஸ்ட்மேன் வந்தார். "வெளிநாட்டு அட்டைம்மா. அனுப்புனது உங்க அப்பான்னு போட்டிருக்கு. அவரு போயி ஆறு வருஷம் ஆவுதே" என்று முழித்தார். சோத்துக் கையோடு பிடுங்கிப் பார்த்தேன். போர்க்கைதிகள் வீட்டுக்கு எழுதும் அட்டை. மேலே அப்பா பேர். கீழே உன் கோணல் எழுத்து: "நல்லா இருக்கேன்டி. கால்ல அடி. அம்மாகிட்ட சொல்லாத. குட்டி பேச ஆரமிச்சிட்டாளா?"

நீ எழுதிப் பதினோரு மாசம். நீ செத்துப்போன சேதி வந்தே நாலு மாசம் ஆகிறது.

பிடிபட்டவன் முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு ஓர் அட்டை எழுத விட வேண்டும், அதைத் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும் என்று உலக நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்ட சட்டம் இருக்கிறது. அடிபட்டிருந்தால் வைத்தியம் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. உன் காலில் புழு வைக்கிற வரைக்கும் அந்தச் சட்டம் எந்த அலமாரியில் தூங்கியது?

சமையல் வேலை என்றுதான் சண்டை நடக்கிற அந்த நாட்டுக்குப் போனாய். மணப்பட்டிலிருந்து தினம் பஸ் ஏறி வில்லியனூர் கம்பெனிக்குப் போய் கான்ட்ராக்ட்டில் தேய்ந்தது போதும் என்றாய். பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைனில் எழுதினது நான்தான். குடும்பப் பேர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது அது? இனிஷியல்தானே. "அப்பா பேரைப் போடுடி, அவருதான நம்ம குடும்பம்" என்று பின்னால் நின்று சிரித்தாய். போட்டேன். பி.காம் படித்தவள் இல்லையா, தப்பில்லாமல் போட்டேன்.

போன மூணாவது வாரம் பேசினாய். "கரண்டி தரேன்னு கூட்டியாந்துட்டு துப்பாக்கி குடுத்துட்டானுங்கடி. பத்து நாள் டிரெய்னிங்காம். பல்லு வெளக்கக் கத்துக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு." நானும் சிரித்தேன், அண்ணா. அதற்கப்புறம் போன் இல்லை.

எதிர்த்தரப்பில் பிடிபட்டவர்கள் பட்டியல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெளிநாடு போனவர்கள் விவகாரம் பார்க்கிற அரசாங்க ஆபீசுக்கு ஓடினேன். மனுவில் உன் பேரை எழுதினேன், முன்னால் இனிஷியல் போட்டு. ஜன்னலுக்குள் இருந்தவர் தட்டிப் பார்த்தார். "இந்தப் பேர்ல யாரும் இல்லம்மா. உசுரோட புடிச்சாங்கன்னு இன்னா ஆதாரம்?"

"அதத் தெரிஞ்சுக்கத்தான சார் வந்திருக்கேன்."

"கூலிக்குச் சண்டை போடப் போனவரு. அவருக்கு இந்தக் கைதிச் சட்டம்லாம் வருமோ வராதோ."

சட்டையை மாட்டிவிட்டு, நம்பர் கொடுத்து, துப்பாக்கியைக் கையில் திணித்து வரிசையில் நிறுத்தினார்கள். படைவீரன் என்பதற்கு இன்னும் என்ன வேண்டும்? அன்றைக்கு இதைக் கேட்கத் தெரியவில்லை எனக்கு. வீட்டுக்கு வந்து போனில் தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது. ஏழு தடவை போனேன். ஏழு தடவையும் அதே பேர், அதே பதில். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி அப்பா பேரையும் போட்டுத் தேடுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பிய எனக்கே தோன்றவில்லை. கைதிகளை மாற்றிக்கொள்ளும் பட்டியல் தயாரானபோது, உனக்காகக் கேட்க ஆளில்லை.

அந்த மாற்றலில் விடுதலையாகித் திருநெல்வேலிக்குத் திரும்பிய ஒருவர்தான் நாலு மாசம் முன்னால் போன் செய்து நீ செத்த சேதியைச் சொன்னார். உன்கூட ஒரே கொட்டடியில் இருந்தவர். "தெனம் காலைல எண்ணும்போது உங்க அப்பா பேரத்தாம்மா கூப்பிடுவாங்க. அண்ணன் கையத் தூக்கிட்டு எங்க காதுல சொல்லும், எங்கப்பன் செத்தும் டூட்டி பாக்குறாரு பாரு, லீவே போடலன்னு. கடைசி வாரம் கையத் தூக்க முடியல. நாங்க தூக்கிப் புடிச்சோம்."

அப்புறம் வந்த இறப்புக் காகிதத்திலும் அப்பா பேர்தான் முதலில். அம்மா வாங்கமாட்டேன் என்று தள்ளிவிட்டாள். "அந்த ஆளுக்கு எத்தினி வாட்டிடி நான் தாலி அறுக்கறது? எம்புள்ள எங்கன்னு கேளு." உன்னைப் புதைத்த இடத்தில் நட்ட பலகையிலும் அந்தப் பேர்தானாம். கைதி செத்தால் மரியாதையாக அடக்கம் செய்யணும், யார் என்று தெரிகிற மாதிரி குழிக்கு அடையாளம் வைக்கணும். அதுவும் சட்டம்தான். அங்கே படுத்திருப்பது யார் என்று அந்தப் பலகை யாருக்குச் சொல்லும்?

அந்த ஜன்னல்காரர் மேல் எனக்குக் கோபம். உன்னைக் கூட்டிப்போன ஏஜென்ட் மேல், இந்த அட்டையைப் பதினோரு மாசம் எங்கேயோ போட்டுவைத்த கைகள் மேல். எல்லாருக்கும் முன்னால் என் கை மேல். அது ஆறவில்லை, ஆற்றிக்கொள்ளவும் எனக்கு விருப்பமில்லை.

நாளைக்கு எட்டாவது தடவையாக ஆபீசுக்குப் போகிறேன், இந்த அட்டையோடு. நீங்கள் கேட்ட ஆதாரம் இதுதான் சார் என்று ஜன்னலில் வைப்பேன். பலகையில் பேரை மாற்றச் சொல்லுங்கள் என்பேன். கேஸ் முடிஞ்சிபோச்சும்மா என்பார். முடியவில்லை சார், ஆள் மாறியிருக்கு என்பேன். பலகை மாறுகிற வரைக்கும் போவேன்.

நீ கேட்டதற்குப் பதில்: குட்டி பேசுகிறாள். அட்டையை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது, "மாமா பேர் இன்னா?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். இனிஷியல் இல்லாமல், உன் பேரை மட்டும். மழலையில் இரண்டு தடவை தப்பாகச் சொன்னாள். மூணாவது தடவை சரியாகச் சொல்லிவிட்டாள்.